மகள் மறந்த ஆக்சிஜன், நான் மறந்த ஆக்சிஜன்

1/ நேத்து ராத்திரி கிளினிக் முடிஞ்சு வந்ததும், பிளஸ் ஒன் படிக்கிற மகள் வேதியியல் நோட்டோட நின்னா. "அம்மா, இந்தக் கணக்கு விடை மைனஸ்ல வருது. புக்ல பிளஸ் போட்டிருக்கு."

வினை என்னன்னு பார்த்தேன். ஹைட்ரஜன் பெராக்சைடு சிதைஞ்சு தண்ணீரும் ஆக்சிஜனும் ஆகுது. என்ட்ரோபி மாற்றம் எவ்வளவு?

எனக்கு ஒரு பழைய பயம் ஞாபகம் வந்துடுச்சு. அது அப்புறம். முதல்ல கணக்கு.

2/ என்ட்ரோபின்னா, துகள்களும் ஆற்றலும் எத்தனை விதமா பரவி இருக்க முடியும் என்பதன் அளவு. பொதுவா திடத்தில் குறைவு, திரவத்தில் அதைவிட அதிகம், வாயுவில் மிக அதிகம்.

அதனால கணக்கு போடும் முன்னாடியே ஒரு கேள்வி கேளுங்க: வாயு எந்தப் பக்கம் கூடுதல்?

இங்கே இடப்பக்கம் 2 மோல் பெராக்சைடு, திரவம். வலப்பக்கம் 2 மோல் தண்ணீர், கூடவே 1 மோல் ஆக்சிஜன் வாயு. புதுசா வாயு பிறக்குது. அப்போ விடை பிளஸ்தான்.

3/ இப்போ எண்கள். 25 டிகிரி செல்சியஸில் ஒரு மோலின் திட்ட என்ட்ரோபி, கெல்வினுக்கு ஜூல் கணக்கில்: பெராக்சைடு 109.6, தண்ணீர் 69.9, ஆக்சிஜன் 205.1.

விளைபொருட்கள்: 2 × 69.9 + 205.1 = 344.9
வினைபடுபொருள்: 2 × 109.6 = 219.2
வித்தியாசம்: +125.7

4/ மகளுக்கு வந்தது −79.4. ஆக்சிஜனுக்கு பூஜ்யம் போட்டிருந்தா! "தனிமம்தானேம்மா?"

உருவாதல் என்தால்பிக்குத்தான் அந்த விதி. என்ட்ரோபிக்கு இல்லை. அந்த பிளஸ்ஸைக் கொண்டு வந்ததே ஆக்சிஜன்தான்.

திட்டலை. ஏன்னா அதே ஆக்சிஜனை நானும் ஒரு நாள் பூஜ்யமா நினைச்சவ.

5/ ஹவுஸ் சர்ஜன் காலம். விபத்துல வந்த ஒருத்தருக்குத் தொடையில காயம். வாய் சின்னது, உள்ளே நல்ல ஆழம். சுத்தம் பண்ணணும்னு 20 மில்லி சிரிஞ்சு நிறைய பெராக்சைடு எடுத்து உள்ளே விடப் போனேன். சீனியர் கையைப் பிடிச்சார்.

"பொங்கும், சரி. அந்த கேஸ் எங்கம்மா போகும்?"

பதில் இல்லை என்கிட்ட.

6/ 3 சதவீத பெராக்சைடு 1 மில்லி, சுமார் 10 மில்லி ஆக்சிஜன் தரும். என் கையில இருந்தது 200 மில்லி வாயு!

பாட்டில்ல இந்த வினை மெதுவாத்தான் நடக்கும். ரத்தத்திலும் திசுவிலும் கேட்டலேஸ் என்சைம் இருக்கு. அது என்ட்ரோபி மாற்றத்தைத் தொடாது, வேகத்தை மட்டும் பல மடங்கு கூட்டும். வெளியேற வழியில்லாத வாயு ரத்தக்குழாய்க்குள்ள போய் இதயத்தையும் நுரையீரலையும் அடைக்கலாம். அப்படி உயிரிழந்தவர்களும் உண்டு.

அன்னிக்கு சலைன் விட்டுக் கழுவினோம். அவர் நல்லபடியா வீடு போனார்.

7/ அதனால, வீட்ல காயத்துக்கு பெராக்சைடு ஊத்தாதீங்க. நுரை வந்தா கிருமி சாகுதுன்னு அர்த்தம் இல்லை; ஆறுற செல்களையும் அது கெடுக்கும். சிராய்ப்புன்னா ஓடுற குழாய்த் தண்ணியில கழுவுங்க. ஆழமா குத்தின காயம்னா நேரா ஆஸ்பத்திரி, டெட்டனஸ் ஊசியும் கேளுங்க.

மகள் பூஜ்யத்தை அடிச்சு 205.1னு எழுதினா. அவளுக்கு அது ரெண்டு மார்க்.