திருடன் கை தட்டுவதில்லை

பெங்களூரின் பிரேசர் டவுன், எலிக்குப் பயந்து பிறந்த பேட்டை. 1898-ல் பிளேக் நோய் நகரைச் சூறையாடியது. நெரிசலான கன்டோன்மென்ட் தெருக்களிலிருந்து ஜனங்களை வெளியே கொண்டுவந்து குடிவைக்கப் புது இடம் தேவைப்பட்டது. 1910-ல் உருவான இந்தப் பகுதிக்கு, மைசூரில் பிரிட்டிஷ் ரெசிடென்டாக இருந்த ஸ்டூவர்ட் பிரேசரின் பெயரைச் சூட்டினார்கள். நகராட்சிப் பொறியாளர் ஜே.எச். ஸ்டீபன்ஸ், பிளேக் அண்டாத நகரமைப்பு பற்றி 1914-ல் ஒரு புத்தகமே வெளியிட்டார். காற்றும் வெளிச்சமும் தாராளமாக வர வேண்டும், எலி ஒளிய இடுக்கு இருக்கக் கூடாது என்பது அன்றைய கவலை.

இன்று பெயர்ப் பலகைகளில் புலிகேசி நகர். பழைய வீடுகள் பலவும் அடுக்குமாடிகளுக்கு வழிவிட்டுவிட்டன. மிச்சமிருக்கும் சிலவற்றில் ஆள் உயர ஜன்னல்கள் அப்படியே இருக்கின்றன. கவலைதான் மாறிவிட்டது. இப்போது யாரும் எலிக்குப் பயப்படுவதில்லை. ஜன்னல் வழியே வேறு யாராவது வந்துவிடுவார்களோ என்றுதான் பயம்.

அப்படியொரு வீட்டில் தனியாக இருக்கிறார் எழுபதைத் தாண்டிய ஓர் ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர். தாத்தா காலத்தில் வட ஆர்க்காட்டிலிருந்து வந்த தமிழ்க் குடும்பம். கணவர் இல்லை. ஒரே மகன் வெளிநாட்டில். கூடத்திலிருந்து பின்தோட்டத்துக்குத் திறக்கும் கண்ணாடிக் கதவுக்கு மட்டும் இரும்புக் கம்பி கிடையாது. மாமரம் மறைந்துவிடும் என்று கணவர் அதைப் போடவிடவில்லை. போன பிறகும் அவர் பேச்சை மீற டீச்சருக்கு மனமில்லை. ஆனால் ராத்திரி படுக்கும்போது அவர் காது மிஷினைக் கழற்றி வைத்துவிடுவார். அதன் பிறகு கண்ணாடி உடைந்தாலும் அவருக்குக் கேட்காது. மகனின் தூக்கத்தைக் கெடுத்தது இதுதான். "கம்பி வேண்டாம்னா அலாரமாவது போடும்மா" என்று ஆறு மாதம் போனில் மன்றாடினான்.

கடைசியில் கிருஷ்ணகிரி பக்கத்து இளைஞர் ஒருவர் டிரில் மிஷினோடு வந்து சேர்ந்தார். சோப்புப் பெட்டி அளவில் வெள்ளையாக ஒரு சாதனத்தைக் கூடத்துச் சுவரில் பொருத்தினார். எதிரே நின்று பலமாகக் கை தட்டினார். பெட்டியில் சின்ன விளக்கு சிமிட்டியது.

"பாருங்கம்மா, வேலை செய்யுது."

"ஏன் தம்பி, திருடன் கை தட்டிட்டா வருவான்?"

நாற்பது வருஷம் விடைத்தாள் திருத்தியவரின் கேள்வி. அதில் நியாயமும் இருக்கிறது. கை தட்டினால் விளக்கு சிமிட்டுவது, மைக்குக்கு உயிர் இருக்கிறது என்பதற்கு மட்டுமே அடையாளம். கண்ணாடி உடைவதை அது புரிந்துகொள்ளும் என்பதற்கு அல்ல.

ஜன்னலுக்குக் காவல் வைக்கும் யோசனை பழையது. 1853-லேயே அமெரிக்காவில் அகஸ்டஸ் போப் என்பவர் கதவு, ஜன்னல்களை மின்கம்பியால் இணைத்து மணி அடிக்க வைக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றுவிட்டார். பிற்பாடு கடைகளின் கண்ணாடி ஓரத்தில் மெல்லிய உலோகப் பட்டை ஒட்டினார்கள். கண்ணாடி உடைந்தால் பட்டை அறும், மின்சாரம் தடைபடும், மணி ஒலிக்கும்.

இன்றைய பெட்டி கண்ணாடியைத் தொடுவதே இல்லை. தூர இருந்து கேட்கிறது. அடி விழுந்ததும் கண்ணாடி உள்பக்கம் லேசாக வளைந்து 'தொம்' என்று ஒரு தாழ்ந்த ஒலி எழுப்புகிறது. கண்மூடித் திறப்பதற்குள் 'சலீர்' என்று நொறுங்கும் கூர்மையான ஒலி. இரண்டும் இதே வரிசையில், இதே வேகத்தில் வந்தால்தான் பெட்டி அதை உடைப்பாகக் கணக்கில் கொள்ளும். டம்ளர் கீழே விழுந்தால் சலீர் உண்டு, தொம் இல்லை. கதவு அறைந்தால் தொம் உண்டு, சலீர் இல்லை.

இளைஞர் சிரித்துக்கொண்டே வண்டிக்குப் போய் இன்னொரு கருவியை எடுத்து வந்தார். பொய்யாகக் கண்ணாடி உடைக்கும் கருவி. பெட்டியைச் சோதனை நிலைக்கு மாற்றிவிட்டு, தோட்டத்துக் கதவின் கண்ணாடியில் துணி சுற்றிய கையால் மெல்லக் குத்தினார். கருவி உடனே நொறுங்கும் சத்தத்தை எழுப்பியது. பெட்டியில் விளக்கு நின்று எரிந்தது.

"இருங்க தம்பி" என்று டீச்சர் எழுந்து போய்த் திரைச்சீலையை இழுத்து மூடினார். உள்துணி வைத்துத் தைத்த கனமான திரை. "ராத்திரியில இது மூடித்தானே இருக்கும்?"

மறுபடி குத்து. மறுபடி சலீர். பெட்டி வாயே திறக்கவில்லை.

அந்த மௌனத்தில்தான் விஷயம் இருக்கிறது. இத்தகைய பெட்டிகள் பலவற்றுக்கும் சுமார் 25 அடி வரை கேட்கும் என்பது கணக்கு. ஆனால் அது தடை இல்லாத அறையில். கனமான திரை கூர்மையான ஒலியை உறிஞ்சிவிடும். பகலில் திரையை விலக்கிப் பார்த்துவிட்டுப் போயிருந்தால், ராத்திரியில் இந்தப் பெட்டி வெறும் சுவர் அலங்காரம். இருக்கும் காவலைவிட இருப்பதாக நம்பும் காவல் ஆபத்தானது. அதை நம்பித்தானே மனிதர் தூங்கப் போகிறார்?

பெட்டி இடம் மாறியது. திரைக்கு உள்பக்கமாக, கதவுச் சட்டத்தின் அருகே. இந்த முறை கேட்டது.

அதன் பிறகு டீச்சர் விடவில்லை. மிக்ஸியை ஓட்டினார். குக்கர் விசில் அடிக்கும்வரை காத்திருந்தார். அழைப்பு மணியை அழுத்தினார். எவர்சில்வர் தட்டை வேண்டுமென்றே தரையில் போட்டார். பெட்டி அசையவில்லை. அதுவும் தேர்ச்சிதான். காரணமில்லாமல் நாலு முறை அலறும் அலாரத்தை ஐந்தாவது முறை வீட்டுக்காரரே அணைத்து வைத்துவிடுவார். மெயின் சுவிட்சை அணைத்துப் பார்த்தார்கள். பாட்டரி தாங்கியது.

இளைஞரும் தன் பங்குக்குச் சொல்ல வேண்டியதைச் சொன்னார். கண்ணாடியை உடைக்காமல் வைரமுனையால் அறுத்தால் இதற்குக் கேட்காது. திறந்து கிடக்கும் ஜன்னல் வழியே வந்தாலும் தெரியாது. அதற்குக் கதவிலும் ஜன்னலிலும் காந்த சுவிட்ச் வேண்டும். ஆனால் ஒரு சௌகரியம்: ஆள் நடமாட்டத்தைப் பார்க்கும் சாதனம் போலில்லாமல், வீட்டுக்குள் நடமாடும்போதே இதைப் போட்டு வைக்கலாம்.

மிச்சமிருந்தது சைரன். டீச்சர் காது மிஷினைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். படுக்கையறையில் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு படுத்தார். வாசலில் சைரன் தெருவையே எழுப்பியது. நாய்கள் குரைத்தன. ஒரு நிமிடம் கழித்துக் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். "என்ன தம்பி, இன்னும் அடிக்கலையா?"

இளைஞருக்குச் சிரிப்பு வரவில்லை. மறுநாளே கட்டிலுக்கு எதிரில் பளிச்சிடும் விளக்கும் தலைமாட்டில் இன்னொரு சைரனும் வந்தன.

கடைசிக் கேள்வி, அலாரம் அடித்ததும் கருவி யாருக்கு முதலில் போன் செய்ய வேண்டும் என்பது. முதல் எண்ணாக மகன் தன் நம்பரைக் கொடுத்திருந்தான். "கடல் தாண்டி இருந்துட்டு அவன் என்ன செய்வான்? எனக்குத்தான் போன் போடுவான். எனக்குக் கேட்கவும் கேட்காது" என்றார் டீச்சர். முதல் எண் எதிர்வீட்டு பாய்க்குப் போனது. அவருக்கு ஒரு சாவியும் போனது. ஆள் உள்ளே இருப்பதாகத் தெரிந்தால் நுழையாமல் 112-க்கு அழைக்க வேண்டும் என்பதும் பேசி முடிவானது.

"எந்த நேரம் அடிச்சாலும் வரேன் டீச்சரம்மா" என்றார் பாய். "சும்மா சும்மா மட்டும் அடிக்க விடாதீங்க."

கடைசி வரை பார்த்தால் சங்கிலி இப்படிப் போகிறது: கண்ணாடி, பெட்டி, சைரன், போன், பாய். இதில் ஏதாவது ஒரு கண்ணி அறுந்தாலும் மற்றவை வீண். கடையில் விலைக்கு வாங்க முடியாத கண்ணியும் இதில் ஒன்று உண்டு.

சமையலறைக் காலண்டரில் ஒவ்வொரு மாதமும் முதல் சனிக்கிழமைக்கு எதிரே, பால் கணக்குக்குப் பக்கத்தில், இப்போது ஒரே ஒரு சொல் எழுதியிருக்கிறது: 'டெஸ்ட்'.