சாட்சி சொல்றது

'சாட்சி'ன்னா உங்களுக்கு கோர்ட்தான் ஞாபகம் வரும். எங்க சபைகள்ல அர்த்தம் வேற. இயேசு நமக்கு என்ன செஞ்சார்னு அடுத்தவங்ககிட்ட சொல்றதுதான் சாட்சி. சொந்த ஊர் பாளையங்கோட்டை, ஊசிக் கோபுரம்தான் எங்க கோயில். 'சாட்சி சொல்லணும்'னு பிரசங்கத்துல கேட்டுக்கிட்டே வளர்ந்தவன் நான். (எங்க பக்கம் போதகரை 'ஐயர்'னுதான் சொல்லுவோம். சென்னை ரூம்மேட் ரொம்ப நாள் குழம்பிக் கிடந்தான் :-))

தாம்பரம் எலெக்ட்ரிக் ட்ரெயின்ல கைப்பிரதி குடுக்கிறவங்களைப் பார்த்திருப்பீங்க. ஆபீஸ்ல அதெல்லாம் நடக்காது. மதம்னு வாயைத் திறந்தாலே 'ஆள் பிடிக்க வந்துட்டான்'னு ஒரு பார்வை. அரசியல் சட்டத்தோட 25வது பிரிவு மதத்தைப் பரப்பற உரிமையைக் குடுக்குது. பரப்பறதுன்னா எடுத்துச் சொல்றதுதான், இன்னொருத்தரை மாத்தற உரிமை அதுல இல்லைன்னு 1977ல சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு. சட்டம் கிடக்கட்டும். எனக்குப் பிடிச்சது பேதுருவோட முதல் நிருபம் 3:15. நம்பிக்கையைப் பத்திக் கேட்கிறவங்களுக்கு சாந்தமா பதில் சொல்லத் தயாரா இருக்கணுமாம். கேட்கிறவங்களுக்கு! இந்த வார்த்தையை மட்டும் எங்க ஆளுங்க சட்டுனு தாண்டிப் போயிடறாங்க.

லெந்து நாட்கள்ல நான் கறி சாப்பிட மாட்டேன். "என்னடா, பிரியாணியை விட்டுட்டு தயிர் சாதமா?"ன்னு டீம்ல ஒருத்தன் கேட்டான். சொன்னேன். "ஓ, எங்க வீட்டு புரட்டாசி மாதிரி"ன்னான். அதோட பேச்சு கிரிக்கெட்டுக்குப் போயிடுச்சு.

அடுத்த வருஷம் அவன் அப்பாவுக்கு ஹார்ட் அட்டாக். ராத்திரி 2 மணி, ஐசியூ வாசல்ல நாங்க ரெண்டு பேர் மட்டும். "டேய், உங்க சாமிகிட்ட கொஞ்சம் சொல்லுடா"ன்னான். அவன் கையைப் பிடிச்சுக்கிட்டு மெதுவா நாலு வரி ஜெபம். அப்பாவைக் காப்பாத்துங்கன்னு கேட்டேன். அவ்வளவுதான். ரெண்டு நாள்ல அப்பா தவறிட்டார்.

விஷயம் தெரிஞ்ச சபை நண்பன் ஒருத்தன், "கர்த்தர் இப்படி ஒரு வாசலைத் திறந்தும் சுவிசேஷம் சொல்லலையா?"ன்னு கேட்டான். அவன் கெட்டவன் இல்லைங்க. மூழ்கிட்டிருக்கிறவன்கிட்ட நாகரிகம் பார்க்கிறது என்ன அன்புன்னு கேக்கறான். லேசுல தள்ளிவிட முடியாத கேள்விதான். ஆனா ஐசியூ வாசலை விட்டு நகர முடியாம நிக்கிறவன்கிட்ட, ஆள் வசமா மாட்டினான்னு பேச ஆரம்பிக்கிறதை என்னால அன்புன்னு ஏத்துக்க முடியலை. நாளைக்கே அங்க நிக்க வேண்டி வந்தாலும் அதே நாலு வரிதான்.

அதுக்கு அடுத்த பெரிய வெள்ளிக்கு "நானும் வரட்டுமா?"ன்னு அவனே கேட்டான். மத்தியானம் 12லேர்ந்து 3 வரைக்கும் மும்மணி ஆராதனை. சிலுவையில இயேசு பேசின ஏழு வார்த்தைக்கும் ஏழு பிரசங்கம். ஏப்ரல் வெயில்ல ஃபேன் காத்தே சுட்டுது. பாதியில எழுந்து போயிடுவான்னு நினைச்சேன், போகலை. வெளிய வந்து கரும்பு ஜூஸ் குடிக்கும்போது நாலாவது வார்த்தையைப் பத்தித்தான் பேச்செடுத்தான். கடவுள் ஏன் தன்னைக் கைவிட்டார்னு உங்க சாமியே கேட்டாரா?

"ஆமாடா."

"பதில் வந்துச்சா?"

"அன்னிக்கு வரலை."

கொஞ்ச நேரம் சும்மா நின்னான். அப்புறம் அப்பாவைப் பத்திப் பேச ஆரம்பிச்சான், முதல் தடவையா. 5 மணி வரைக்கும் அந்த ஜூஸ் கடை வாசல்லயே நின்னுட்டிருந்தோம்.