சைக்கிள் டைனமோ

அய்யா வேலை பார்த்தது பயர் ஆபீசில், அதாவது பட்டாசு ஆலையில். சாயங்காலம் அவர் சட்டை மடிப்பில் அலுமினியப் பொடி மினுங்கும். சனிக்கிழமை சம்பளம் வாங்கி, சிவகாசிக் கடைத்தெருவையும் சுற்றிவிட்டு விஸ்வநத்தம் திரும்புவதற்குள் இருட்டிவிடும். விளக்கில்லாத சைக்கிளைப் போலீஸ் பிடிக்கும். "மருந்து ஒட்டுன சட்டையோட மண்ணெண்ணெய் விளக்கத் தொங்கவிட்டுட்டு வருவியாக்கும்?" என்று ஆச்சி போட்ட சத்தத்தில்தான் எங்கள் வீட்டுக்கு டைனமோ வந்தது. நெருப்பில்லாத வெளிச்சம். எங்கள் ஊருக்கு ஏற்ற பொருள் என்றால் அதுதான்.

பார்க்கக் குட்டிப் பாட்டில் மாதிரி பின்சக்கரத்தோரம் உட்கார்ந்திருக்கும். அமுக்கிவிட்டால் சாய்ந்து டயரைத் தொடும். ஸ்டாண்டு போட்டு, கையால் பெடலைச் சுற்றுவேன். மெதுவாகச் சுற்றினால் பல்பில் சிவந்த இழை மட்டும் தெரியும். வேகமெடுத்தால் சுவரெல்லாம் வெளிச்சம். நிறுத்தினால் இருட்டு. பேட்டரியை எங்கே ஒளித்து வைத்திருக்கிறார்கள் என்று தேடாத இடமில்லை.

சைக்கிள் கடை அண்ணாச்சி, வீணாய்ப்போன டைனமோ ஒன்றைப் பிரித்துக் காட்டினார். நடுவே உருளைக் காந்தம். பக்கத்திலேயே அரக்கு நிறத்தில் செம்புக் கம்பிச் சுருள். "காந்தம் சும்மா கெடந்தா கரண்டு வராதுடா. சுத்தணும்" என்றார். மைக்கேல் பாரடே 1831இல் லண்டனில் கண்டதும் இதைத்தான். சுருளுக்குள் காந்தத்தை நுழைக்கும்போதும் உருவும்போதும், சுருளோடு இணைத்த மின்சாரம் காட்டும் கருவியின் முள் அசைந்தது. காந்தத்தை அப்படியே வைத்திருந்தால் முள்ளும் அசையவில்லை. சுருளின் ஊடே போகும் காந்தப்புலம் மாறிக்கொண்டே இருக்க வேண்டும். மாற்றம் எவ்வளவு வேகமோ, மின்னழுத்தம் அவ்வளவு.

டைனமோ போட்டால் மிதி கனக்கும். டயரில் உரசுவதால்தான் என்பார் அய்யா. பல்பு ஒயரைக் கழற்றிவிட்டுச் சுற்றிப் பார்த்தேன். உரசல் அப்படியேதான் இருந்தது, பெடல் மட்டும் லேசாகிவிட்டது. ஒயரை மாட்டினால் மறுபடி கனம். சுருளில் மின்சாரம் ஓடத் தொடங்கியதும் அதுவும் காந்தமாகி, சுழலும் காந்தத்தை எதிர்த்து இழுக்கிறது. லென்ஸ் விதி என்று பிறகு பாடப்புத்தகத்தில் வந்தது. ஆக, அந்த வெளிச்சத்துக்குக் கூலி கொடுத்தது அய்யாவின் கால்கள்.

பாபநாசத்தில் 1944 முதல் தாமிரபரணித் தண்ணீர் சுழற்றுவதும், கயத்தாறுப் பக்கம் காற்று சுழற்றுவதும், தூத்துக்குடி அனல்மின் நிலையத்தில் நீராவி சுழற்றுவதும் இதே காந்தம், சுருள் சங்கதிதான், அளவுதான் வேறு. நம் பக்கத்தில் விலக்கு என்றால், கமுதி அருகே 648 மெகாவாட் சூரிய மின் நிலையம். அங்கே மின்சாரம் பிறக்க எதுவும் சுழல வேண்டியதில்லை.