நூறு வெள்ளிப்பணம்



மத்தேயு 18ஆம் அதிகாரத்து இரக்கமற்ற ஊழியக்காரனுக்கு உடன்வேலைக்காரன் தரவேண்டியிருந்தது 100 வெள்ளிப்பணம். அற்பத்தொகை என்றே பல ஆண்டுகள் பிரசங்கித்தேன். ஆனால் 20ஆம் அதிகாரத்தில், திராட்சத்தோட்டக்காரன் பேசிய ஒரு நாள் கூலியும் அதே ரோமக் காசு ஒன்றுதான். அப்படியானால் இது 100 நாள் உழைப்பு. அவனுக்கு மன்னிக்கப்பட்ட 10,000 தாலந்துக்கு முன் அணுவளவே. எனினும் நஷ்டம் மெய்யானது.

தகப்பனாரின் வைத்தியத்திற்கென்று என்னிடம் வாங்கிய பணத்தை என் தம்பி வேறு காரியத்திற்குச் செலவிட்டான். ஆறு ஆண்டுகள் அவனோடு நான் பேசவில்லை. மன்னிப்பைக்குறித்துச் சபையாருக்கு எளிதாய்ப் போதித்தவன் நான்! இழந்தது பெரிதுதான் என்று தேவசமுகத்தில் ஒப்புக்கொண்ட பின்னரே அவனுக்காக ஜெபிக்க முடிந்தது.

சென்ற சனிக்கிழமை இரவு, பிரசங்கக் குறிப்பைப் பாதியில் விட்டுவிட்டு அவனைத் தொலைபேசியில் அழைத்தேன். "அண்ணே" என்றான். பிறகு வெகுநேரம் இருவருமே பேசவில்லை.