சீட்டைக் கவிழ்க்கும் நேரம்

திருக்குறளில் சூது என்னும் அதிகாரம் கள்ளுண்ணாமைக்குப் பின்னும் மருந்துக்கு முன்னும் நிற்கிறது. அவ்வைப்பு முறையை எண்ணிப் பார்ப்பவர்க்கு வேறு விளக்கவுரை வேண்டுவதில்லை. ஆயினும் அதே பொருட்பாலில் குறிப்பறிதல் என்றோர் அதிகாரமும் உண்டு. பிறர் உள்ளத்தை அவர் கூறாமலே உணரும் அவ்வாற்றலை, அரசவையிலன்றிச் சீட்டு மேசையில் வளர்த்துக்கொண்டவர் அமெரிக்க நாட்டில் பலர். அவர்கள் ஆடும் ஆட்டம் போக்கர். பொருள் வைத்து ஆடுதல் நன்றன்று என்பது ஒருபுறமிருக்க, அவ்வாட்டத்தில் அறிவு தொழிற்படும் முறை மாணவரும் ஆசிரியரும் அறியத்தக்கதே.

போக்கரில் வகைகள் பல. அவற்றுள் 'லிமிட் ஹோல்டம்' என்பதில் ஆளுக்கு இரண்டு சீட்டுகள் மறைவாகத் தரப்படும். பின்னர் மேசை நடுவே முதலில் மூன்று, அடுத்து ஒன்று, இறுதியில் ஒன்று என ஐந்து சீட்டுகள் எல்லார்க்கும் பொதுவாகத் திறக்கப்படும். பந்தயச் சுற்றுகள் நான்கு. பத்து-இருபது டாலர் மேசையாயின், முதல் இரு சுற்றுகளில் பந்தயம் 10 டாலர்; பின்னிரு சுற்றுகளில் 20 டாலர். ஒருவர் பந்தயம் வைத்தால் அடுத்தவர் அதற்கு ஈடாகக் கட்டலாம். அதே அளவால் உயர்த்தலாம். அன்றிச் சீட்டைக் கவிழ்த்து விலகலாம். விலகியவர் அதுவரை கட்டியது நடுக்குவியலில் கிடக்கும். அதன்மேல் அவருக்கு உரிமையில்லை.

இந்த வரம்புதான் ஆட்டத்தின் குணத்தையே மாற்றுகிறது. வரம்பில்லா ஆட்டத்தில் ஒருவன் கையிலுள்ளது அனைத்தையும் நடுவில் தள்ளி எதிரியை அச்சுறுத்தலாம். இங்கு அது செல்லாது. குவியல் 150 டாலராக வளர்ந்திருக்கும்போது 20 டாலர் மிரட்டலுக்கு எவர் அஞ்சுவார்? ஆகவே வீரத்தினும் கணக்கே இதில் பெரிது.

கணக்கின் முதற்பாடம் தொடக்கத்திலேயே வருகிறது. 52 சீட்டுகளிலிருந்து இரண்டு சீட்டுகளை 1,326 விதங்களில் பெறலாம். இரண்டும் ஏஸாக வருவது 221 முறைக்கு ஒருமுறையே. ஒன்பதின்மர் அமர்ந்த மேசையில் தேர்ந்த ஆட்டக்காரர் தமக்கு வந்த கைகளுள் பெரும்பாலானவற்றை முதற் சுற்றிலேயே கவிழ்த்துவிடுகிறார். சொல்வது எளிது, மணிக்கணக்கில் அவ்வாறு அமர்ந்திருப்பது எளிதன்று. சலிப்பு என்பது தோல்வியைக் காட்டிலும் கொடிய பகை. 'வந்ததற்கு ஒரு கை பார்ப்போமே' என்று எண்ணுகிறவன் அந்த ஒரு கையிலன்று, அடுத்து வரும் மூன்று சுற்றுகளில் பணத்தை இழக்கிறான்.

ஆனால் இறுதிச் சுற்றில் நிலைமை தலைகீழாகிறது. ஓர் எடுத்துக்காட்டு. ஒருவரிடம் ஏஸும் ஜாக்கியும் உள்ளன. முதற் சுற்றில் அவர் 20 டாலராக உயர்த்த, ஒருவர் மட்டும் ஈடுகட்டுகிறார். விலகியவர் முன்னரே வைத்திருந்த 5 டாலருடன் குவியல் 45. பொதுச் சீட்டுகள் ஏஸ், ஒன்பது, நான்கு. ஏஸ் இணைந்துவிட்டது. பத்தும் பத்துமாகக் குவியல் 65 ஆகிறது. நான்காம் சீட்டு ஓர் ஆறு. அவர் 20 வைக்கிறார். அதுவரை அமைதியாக ஈடுகட்டி வந்த எதிரி 40 ஆக உயர்த்துகிறார். குவியல் 125. எதிரியைப் படிக்க வேண்டிய இடம் இதுவே. பந்தயம் இரட்டிப்பாகும் இச்சுற்றை எதிர்பார்த்துத் தம் வலிய கையை மறைத்து வைத்திருப்பது ஆட்டக்காரரின் வழக்கம். மேலும் 20, இறுதியில் இன்னொரு 20 எனக் குறைந்தது 40 டாலர் கட்டினால் வெல்லக்கூடியது 145. ஐந்தில் ஒருமுறைக்குச் சற்றுக் கூடுதலாக வென்றால்தான் அது கட்டுப்படியாகும். எதிரி ஒரு மணி நேரமாகக் கைகளைக் கவிழ்த்துக்கொண்டே இருந்தவராயின், அவரிடம் இரண்டு இணையேனும் இருக்கும், விலகுவதே முறை. எதற்கும் உயர்த்தும் துடுக்கராயின் தொடரலாம். ஒரே சீட்டு, ஒரே குவியல். முடிவு மட்டும் ஆளுக்கேற்ப வேறு.

தொடர்ந்து இறுதிச் சீட்டுக்கு வந்தபின், எதிரி 20 வைக்கக் குவியல் 165 ஆகிறது. இப்போது ஈடுகட்டி எட்டு முறை தோற்றால் இழப்பு 160. ஒன்பதாம் முறை வென்றால் வரவு 165. ஒன்பதில் ஒருமுறை எதிரி பொய்யாடுவார் என்றாலே கட்டுவது நட்டமன்று. 'நான் அவரைப் படித்துவிட்டேன்' என்னும் செருக்கோடு அங்கே கவிழ்ப்பவன் 20 டாலரைக் காத்து 165 டாலரை இழக்கக்கூடும். விலகுவதில் பெருமை கொள்ளும் அறிவாளிகள் இடறும் இடம் இது.

முகக்குறிப்புப் பற்றியும் நூல்கள் உண்டு. மைக் கேரோ என்பார் 1984-இல் இதற்கென்றே ஒரு நூல் வெளியிட்டார். வலிமை குன்றியவர் வலியவர்போல் நடிப்பர், வலியவர் சோர்ந்தவர்போல் நடிப்பர் என்பது அவர் கருத்தின் சாரம். பந்தயம் வைக்கும் கை திடீரென நடுங்கினால் அது பெரும்பாலும் அச்சமன்று, பெருஞ்சீட்டு வந்த பரபரப்பே என்றும் அவர் காட்டினார். பயனுள்ள நுட்பந்தான். எனினும் ஒரு நடுக்கத்தைக் காட்டிலும், அம்மனிதர் அன்று மாலை முழுவதும் எப்போது கட்டினார், எப்போது உயர்த்தினார் என்னும் நினைவே மிகுதியாகப் பேசும்.

டல்லாஸ் நகரத்து வங்கியாளர் ஆண்டி பீல் இதற்குச் சான்று. 2001 முதல் லாஸ் வேகாஸில் தொழில்முறை ஆட்டக்காரர் குழுவொன்றுடன் தனித்தனியே லிமிட் ஹோல்டம் ஆடிய அவர், கறுப்புக் கண்ணாடியும் காதணி ஒலிபெருக்கியும் அணிந்து தம் குறிப்புகளை மறைத்தார். கணக்கிலும் வல்லவர். 2006 பிப்ரவரியில் அக்குழுவினரிடம் ஏறத்தாழ 13.6 மில்லியன் டாலர் வென்றார். பின்னர் பில் ஐவி எதிரே அமர்ந்தார். மூன்று நாளில் 16.6 மில்லியன் போயிற்று. கண்ணாடி கண்ணைத்தான் மறைக்கும். பந்தயம் வைக்கும் பழக்கத்தை மறைக்காது. சீட்டின் போக்கும் சேர்ந்திருக்கலாம். மூன்று நாள் என்பது நல்வாய்ப்பைத் திறமையினின்று பிரித்தறியப் போதிய காலமன்று.

2015 சனவரியில் கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்து மைக்கேல் பவுலிங்கும் துணைவரும் 'செஃபியஸ்' என்னும் கணினி நிரலை 'சயன்ஸ்' இதழில் அறிவித்தனர். இருவர் ஆடும் லிமிட் ஹோல்டத்தில், ஒரு மனிதன் வாழ்நாள் முழுவதும் ஆடினாலும் அதனை உறுதியாக வென்றதாகக் காட்ட இயலாத அளவுக்கு அது தன்னோடு தானே ஆடிக் கற்றிருந்தது. அது எவர் முகத்தையும் பார்ப்பதில்லை. எதிரி யாரென்று கேட்பதுமில்லை. அதனால் அதற்கொரு குறையும் உண்டு. துடுக்கனிடமும் அஞ்சுபவனிடமும் அது ஒன்றுபோலவே ஆடும். அவர்தம் பிழைகளைத் தேடிச் சென்று பயன்கொள்ளாது. அவ்வேலை இன்னும் மேசையருகே அமர்ந்திருக்கும் மனிதனுக்கே உரியதாய் இருக்கிறது.