புள்ளிக் கணக்கு

படியால் அளந்து தானியம் விற்ற நாளில் எந்தச் சந்தையிலும் ஒரு கேள்வி எழுவதுண்டு: “குவித்தா, தலைதட்டியா?” படி ஒன்றுதான், ஆயினும் வீடு வந்து சேரும் சாமை ஒன்றாயிராது.

இப்பழைய கேள்வி புது வேடம் பூண்டு, கொல்லிமலையில் உள்ள நமது பங்கு இல்லத் திண்ணைக்கே வந்து சேர்ந்தது. விடுமுறைக்கு மலையேறி வந்த கல்லூரி இளைஞர் இருவர், தொலைக்காட்சியோடு இணைத்து ஆடும் பிளேஸ்டேஷன் பெட்டியைக் குறித்து ஒரு மாலை முழுதும் வாதிட்டனர். “இந்த ஆட்டம் 4கே” என்றான் ஒருவன். “அது உண்மையான 4கே இல்லை” என்றான் மற்றவன். ஒரே சொல்லை இருவர் இரு பொருளில் வழங்கினால் வாதம் விடியும்வரை முடியாது என்பது குருமடத்துத் தர்க்க வகுப்பில் நாம் கற்ற முதற் பாடம். ஆகவே ‘உண்மையான’ என்ற சொல்லை முதலில் விளக்குமாறு கேட்டோம். அவர்கள் சொன்னதும், பின்னர் நாம் தேடிப் படித்ததும் இவை.

திரைப்படம் முன்பே பதிவானது. விளையாட்டுக் காட்சியோ அப்படியன்று. ஆடுகிறவன் திரும்பும் திசைக்கேற்ப ஒவ்வொரு படத்தையும் பெட்டி அவ்வப்போது கணித்து வரைகிறது. அதுவும் ஒரு நொடிக்கு முப்பது அல்லது அறுபது படம்! 1080பி என்னும் திரையில் 1920 பெருக்கல் 1080, அதாவது 20,73,600 புள்ளிகள். 4கே திரையில் அதைப்போல் நான்கு மடங்கு. இத்தனை புள்ளிகளையும் கணிக்கப் பெட்டிக்கு வலிமை போதாதபோது, குறைவாகக் கணித்து, இழுத்துப் பெரிதாக்கித் திரையை நிரப்பிவிடும். திரை குறையின்றி ஒளிரும். கணிப்பு மட்டும் குறைவு.

இதைக் கண்டுபிடிக்க ஆட்டக்காரர்கள் கையாண்ட வழி நம்மை வியப்பில் ஆழ்த்தியது. படத்தில் சாய்ந்த விளிம்பு ஒன்றைத் தேர்வார்கள். கூரையின் ஓரமோ மின்கம்பியோ எதுவாயினும் சரி. உருப்பெருக்கிப் பார்த்தால் அது படிக்கட்டுப்போல் தெரியும். கணித்த புள்ளி ஒன்றுக்குப் படி ஒன்று. திரையின் 30 புள்ளி உயரத்தில் 20 படிகளே இருந்தால் கணித்தது மூன்றில் இரண்டு பங்கு; 1080 வரிக்கு 720. 2007இல் வந்த ஹேலோ 3 ஆட்டத்தை இவ்வாறு எண்ணி 640 வரிகளே எனக் கண்டனர்; அதை ஆக்கிய பங்கி நிறுவனமும் 1152 பெருக்கல் 640 என்று ஒப்புக்கொண்டது. 2013இல் வந்த கால் ஆஃப் டியூட்டி: கோஸ்ட்ஸ், பிளேஸ்டேஷன் 4இல் 1080, எக்ஸ்பாக்ஸ் ஒன்னில் 720.

அதே ஆண்டின் கில்சோன்: ஷேடோ ஃபால் விவகாரமே சிக்கலானது. பலர் கூடி ஆடும் பகுதியில் ஒவ்வொரு படத்துக்கும் 960 பெருக்கல் 1080 புள்ளிகளே, அதாவது சரிபாதியே, புதிதாகக் கணிக்கப்பட்டன. மீதிப் பாதி முந்தைய படங்களிலிருந்து, அசைவைக் கணக்கிட்டு இட்டு நிரப்பப்பட்டது. வாசற் கோலத்தில் பாதிப் புள்ளியை இன்று இட்டு, மீதியை நேற்றைய தடத்தைப் பார்த்து இடுவதுபோல் என்று கொள்ளலாம். நாங்கள் எதையும் இழுத்துப் பெரிதாக்கவில்லை, ஆகவே 1080 என்றது பொருந்தும் என்றது கெரில்லா நிறுவனம். வாங்கியவர் ஒருவர் 2014 ஆகஸ்டில் அமெரிக்காவில் சோனி நிறுவனத்தின்மீது வழக்கே தொடுத்துவிட்டார். அதைத் தொடக்கத்திலேயே முழுவதுமாகத் தள்ளிவிட நீதிமன்றம் இணங்கவில்லை.

அந்த உத்தியை நாம் ஏமாற்று என்று சொல்லமாட்டோம். பழைய புள்ளிகளும் ஒருமுறை கணித்தவையே. அதில் அறிவுக்கூர்மையும் உண்டு. ஆனால் எண்ணைப் படித்துப் பணம் தருகிறவர் ஒவ்வொரு படமும் முழுதாகக் கணிக்கப்படுகிறது என்றே எண்ணுவார். அவர் எண்ணுவது இன்னதென்று அறிந்துகொண்டே, தமக்கு வசதியான பொருளை மனத்துள் வைத்துப் பேசுவது நமக்கு ஒப்பாது. திண்ணை வாதத்தில் நாம் இரண்டாம் இளைஞன் பக்கமே சாய்ந்தோம்.

இது வீண் பேச்சு என்று நினைத்திருப்போம், சில நாள் கழித்து ஒரு குடும்பத் தலைவர் வந்திராவிட்டால். “சாமி, பையன் பெங்களூரிலிருந்து கொண்டுவந்த பெட்டியின் அட்டையில் 8கே என்று போட்டிருக்கிறது. அதற்குத் தக்க டிவி வேண்டுமாம். மிளகு விற்ற பணத்தைக் கொடுத்துவிடலாமா?” என்றார். அது பிளேஸ்டேஷன் 5. 2021 பிப்ரவரியில் இந்தியாவில் விற்பனைக்கு வந்தபோது வட்டு போடும் வகையின் விலை ரூ.49,990. 8கே என்றால் 3,31,77,600 புள்ளிகள். அத்தனையும் கணித்துத் தரும் ஆட்டம் அரிதினும் அரிது. 2024இல் புது அட்டைகளில் அந்த எட்டைக் காணோம் என்பதையும் ஆட்டக்காரர்களே உற்றுப் பார்த்துச் சொன்னார்கள்.

அவர் வீட்டில் இருப்பது 32 அங்குல டிவி. பத்தடி தள்ளி அமர்ந்து பார்க்கிறார்கள். அத்தொலைவில் அதன் அரை மில்லிமீட்டர்ப் புள்ளிகளையே கண் பிரித்தறியாது. மிளகுப் பணம் கூரை மாற்ற ஆகட்டும் என்றோம். தகப்பன் தலையசைத்துப் போனார். மகனுக்குத்தான் நம்மேல் இன்னும் கோபம்.