மர்மக் கதையோடு வந்த எகிப்து

மர்மக் கதை என்றாலே நம் போன்ற தாய்மார்களுக்கு ஒரு தயக்கம் உண்டு. 'குழந்தை ராத்திரி பயந்துகொள்ளுமே, கெட்ட கனவு காணுமே' என்று புத்தகத்தைப் பிடுங்கிப் பரண் மேல் வைத்துவிடுவோம். சரித்திரப் பாடம் என்றாலோ தயக்கமெல்லாம் குழந்தைகளுக்குத்தான். ராஜா பெயரையும் வருஷத்தையும் ஒப்பித்து மார்க் வாங்கியவர்கள்தானே நாமும்! இந்த இரண்டையும் சேர்த்து ஒரே வகுப்பில் சொல்லிக் கொடுத்தால் எப்படி இருக்கும்? என் இளைய பெண்ணின் டீச்சர் அப்படித்தான் செய்தார். கூடவே இருந்து பார்த்தவள் என்ற முறையில் அதைப் பற்றிச் சகோதரிகளுக்குச் சொல்ல ஆசைப்படுகிறேன்.

நாங்கள் இருப்பது அமெரிக்காவில், கலிபோர்னியா மாநிலத்தில் சான் ஹோஸே நகரத்துப் பக்கம். என் வீட்டுக்காரரின் உத்தியோகத்தால் வந்து பன்னிரண்டு வருஷமாகிறது. நான் ப்ளஸ் டூ வரை படித்தவள். இங்கிலீஷ் கதை படிக்க உட்கார்ந்தால் பக்கத்தில் அகராதி வேண்டும். இந்த மாநிலத்தில் ஆறாம் வகுப்புக்குப் பண்டைய நாகரிகங்கள்தான் சரித்திரப் பாடம். மெசபடோமியா, எகிப்து, இந்தியா, சீனா, கிரீஸ், ரோம் எல்லாம் வரும். எகிப்து ஆரம்பித்தபோது, பாடப் புத்தகத்தோடு ஒரு சிறுவர் மர்ம நாவலையும் டீச்சர் கையில் கொடுத்தார்.

நாவலின் பெயர் 'தி ஈஜிப்ட் கேம்', அதாவது 'எகிப்து விளையாட்டு'. ஸில்பா கீட்லி ஸ்னைடர் என்ற அம்மையார் எழுதி 1967ல் வெளிவந்தது. அவர் பள்ளி ஆசிரியையாக இருந்தவர். எங்கள் ஊரிலிருந்து ஒரு மணி நேரப் பயணத்தில் இருக்கிற பெர்க்லியிலும் பாடம் நடத்தியிருக்கிறார். 1968ல் நியூபெரி பரிசுக் குழுவின் 'ஹானர்' கௌரவம் இந்தப் புத்தகத்துக்குக் கிடைத்தது.

கதை இதுதான். ஏப்ரல் என்று ஒரு பதினோரு வயதுப் பெண். பாட்டுப் பாடுவதும் நடிப்புமாக அலைகிற அம்மா அவளைப் பாட்டி வீட்டில் விட்டுவிட்டுப் போகிறாள். அம்மா எப்போது கூப்பிடுவாள் என்று ஏங்குகிற அந்தப் பெண்ணுக்கு, அதே கட்டடத்தில் குடியிருக்கும் மெலனி சிநேகிதியாகிறாள். மெலனியின் தம்பிக்கு நாலு வயது. எங்கே போனாலும் ஒரு துணி ஆக்டோபஸ் பொம்மையைக் கட்டிக்கொண்டுதான் போவான். பழைய சாமான் கடைக்காரர் ஒருவரின் கொல்லைப்புறத்தில், வேலிப் பலகையின் சந்து வழியே நுழைந்து, இவர்கள் எகிப்து ராஜ்யம் கட்டி விளையாடுகிறார்கள். நெஃபர்டிட்டி ராணியின் உடைந்த பொம்மைத் தலை ஒன்று கிடைக்கிறது. பூஜை, சடங்கு, ரகசிய எழுத்து எல்லாம் உண்டு. இந்த நேரத்தில் அந்த வட்டாரத்தில் ஒரு குழந்தை கொலையாகிறது. யார் செய்தது என்பதுதான் மர்மம். அதை நான் சொல்ல மாட்டேன்!

குழந்தை கொலை என்றவுடன் உங்களுக்குப் பகீரென்கிறதல்லவா? எனக்கும் அப்படித்தான் இருந்தது. டீச்சரே முன்கூட்டிக் கடிதம் அனுப்பியிருந்தார்: 'கதையில் ஒரு குழந்தையின் சாவு வருகிறது. வேண்டாம் என்று நினைக்கும் பெற்றோர் சொல்லலாம், வேறு புத்தகம் தருகிறேன்' என்று. என் வீட்டுக்காரர் ஒரே வார்த்தையில், "வேற புத்தகம் கேட்டுடு" என்றார். அதற்குக் காரணம் இருந்தது. 2024 ஜனவரியில் என் மாமனார் ஊரில் காலமானார். அவசரத்தில் ஒரு டிக்கெட்தான் கிடைத்தது. அவர் மட்டும் போய்க் காரியங்களைச் செய்துவிட்டு வந்தார். தாத்தாவோடு வாராவாரம் போனில் கதையடித்த பெண், ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. ஒரு கேள்வியும் கேட்கவில்லை. போனில் ஞாயிற்றுக்கிழமை மணி அடித்தால் மட்டும் எழுந்து தன் அறைக்குப் போய்விடுவாள். இந்தச் சமயத்தில் இப்படி ஒரு கதை எதற்கு என்பது அவர் கவலை.

நான் முதலில் படித்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன். அகராதியோடு நாலு ராத்திரி உட்கார்ந்தேன். கொலையைப் பற்றி விஸ்தாரமான வர்ணனை எதுவுமில்லை. அதைக் கேட்டுப் பெரியவர்கள் எப்படி நடுங்கிப் போனார்கள், குழந்தைகளை வெளியே விட மறுத்தார்கள், சிடுசிடுப்பான கடைக்காரக் கிழவர் மேல் எப்படிச் சந்தேகப்பட்டார்கள் என்பதுதான் வருகிறது. இதை அவள் தனியாகப் படிக்க வேண்டாம், தினமும் என்னோடு உட்கார்ந்து படிக்கட்டும் என்று முடிவு செய்தேன். அவரும் சரி என்றார்.

டீச்சர் பாடம் நடத்திய முறையைச் சொல்ல வேண்டும். ஒரு நோட்டில் நடுவே கோடு போட்டு, இடது பக்கம் 'கதைக் குழந்தைகள் செய்தது', வலது பக்கம் 'எகிப்தியர் நிஜமாகச் செய்தது' என்று எழுதச் சொன்னார். கதையில் படித்ததைப் பாடப் புத்தகத்திலும் லைப்ரரியிலும் தேடிச் சரிபார்க்க வேண்டும். உதாரணமாக, கதைக் குழந்தைகளுக்கு 'செத்' என்ற தெய்வம் முழுக்க முழுக்கக் கெட்டவன். எகிப்தியர் கதையில் அவன் அண்ணன் ஒசிரிஸைக் கொன்றவன் என்பது நிஜம்தான். ஆனால் சூரியன் ராத்திரி முழுவதும் படகில் போகும்போது, அதை விழுங்க வரும் பாம்போடு சண்டை போட்டுக் காப்பாற்றுகிறவனும் அதே செத்! "அப்ப அவன் நல்லவனா கெட்டவனா அம்மா?" என்று கேட்டாள். "ரெண்டும்தான் போலிருக்கு" என்றேன்.

நெஃபர்டிட்டியின் சிலையைத் தேடிப் போனால், அசல் சிலை 1912ல் அமர்னாவில் ஒரு சிற்பியின் பட்டறையில் கிடைத்து, இப்போது பெர்லின் மியூசியத்தில் இருக்கிறது என்று தெரிந்தது. ரகசிய எழுத்தைத் தேடிப் போனால், 1799ல் கிடைத்த ரொசெட்டா கல்லும், 1822ல் அதன் சூட்சுமத்தை அவிழ்த்த ஷாம்போலியனும் வந்தார்கள். எகிப்தியச் சித்திர எழுத்தில் உயிரெழுத்தே கிடையாதாம். "வெறும் மெய்யெழுத்தை மட்டும் வெச்சு எப்படிம்மா படிச்சாங்க?" என்று அவள் கேட்டது எனக்கு வேடிக்கையாக இருந்தது. சனிக்கிழமை தமிழ் வகுப்பில் உயிரும் மெய்யும் படிக்க மூக்கால் அழுகிற பெண் இவள்!

பிறகு 'மம்மி' செய்கிற பாடம். உடம்பைப் பதப்படுத்திப் புதைக்க மொத்தம் 70 நாள் ஆகும். ஈரல், நுரையீரல், இரைப்பை, குடல் நாலையும் தனித்தனி ஜாடியில் வைப்பார்கள். இருதயத்தை மட்டும் உடம்பிலேயே விட்டுவிடுவார்கள். ஏனென்றால், மறு உலகத்தில் அதைத் தராசில் ஒரு இறகுக்கு எதிரே வைத்து நிறுப்பார்களாம். பொய்யும் பாவமும் ஏறிய இருதயம் கனத்துவிடும். உடம்பை உலர்த்தியது 'நேட்ரான்' என்ற உப்பு. அதில் என்ன இருக்கிறது என்று பார்த்தால், நம் அடுப்பங்கரைச் சோடாவும் உப்பும் கலந்த மாதிரிதான்!

எனவே வீட்டுப்பாடமும் அடுப்பங்கரைக்கு வந்தது. ஒரு ஆப்பிள் துண்டை எடை போட்டுக் கிண்ணத்தில் வைத்து, உப்பும் ஆப்பச் சோடாவும் சம அளவு கலந்து மூடி, ஒரு வாரம் விட்டோம். எடுத்துப் பார்த்தால் சுருங்கி, எடை குறைந்து, தோல் மாதிரி இருந்தது. அழுகவில்லை. "இதென்ன பெரிய அதிசயம்? நார்த்தங்காயை உப்பிலே போட்டு உங்க பாட்டி வருஷக் கணக்கா வெச்சிருப்பாங்களே" என்றேன். இரண்டாம் ராம்சேஸ் மன்னனின் மம்மியின் மூக்கில் மிளகு இருந்ததாம். கி.மு. 1213ல் செத்துப்போன ராஜா அவன். மிளகு மலபார்ப் பக்கமிருந்து போயிருக்க வேண்டும். அன்று ரசத்துக்கு மிளகு இடிக்கும்போது இரண்டு மணிகளை எடுத்துப் போய் நோட்டில் ஒட்டிக்கொண்டாள்.

அதற்கு மறுநாள்தான் அந்த அத்தியாயம் வந்தது. கதையில் ஒரு சிறுமி வளர்த்த சின்னக் கிளியைப் பூனை கடித்துக் கொன்றுவிடுகிறது. எகிப்து முறைப்படி குழந்தைகள் அதற்கு இறுதிச் சடங்கு செய்கிறார்கள். படித்துக்கொண்டே வந்தவள் நிறுத்தினாள்.

"அம்மா, தாத்தாவுக்கு என்னெல்லாம் செஞ்சாங்க?"

நாலு மாதமாக வராத கேள்வி. அவர் ஊரிலிருந்து வந்து எனக்குச் சொன்னதையெல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னேன். குளிப்பாட்டியது, கோடி போர்த்தியது, ஒவ்வொருவராக வந்து வாய்க்கரிசி போட்டது, பதினாறாம் நாள் தாத்தாவுக்குப் பிடித்த உளுந்து வடை, பாயசம் எல்லாம் இலையில் வைத்துப் படைத்தது, காக்கைக்குச் சோறு வைத்தது. எகிப்திலும் செத்தவர்களுக்கு ரொட்டியும் பீரும் வைத்திருக்கிறார்கள். மறு உலகத்தில் வயல் வேலை செய்யக்கூட பொம்மைகளை வைத்து அனுப்பியிருக்கிறார்கள், ஒரு நாளைக்கு ஒன்று வீதம் 365 வரைக்கும்!

"நான் போயிருந்தா நானும் ஒரு பிடி அரிசி போட்டிருப்பேன் இல்லம்மா?" என்றாள். "போட்டிருப்பே கண்ணு" என்றேன். அப்புறம்தான் அழுதாள். நானும் அழுதேன். அன்று புத்தகத்தில் அதற்கு மேல் போகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வடை சுட்டு ஒரு தட்டில் வைத்துப் பின்பக்கம் கொண்டுபோய் வைத்தாள். இந்த ஊரிலும் காக்கை உண்டு. வந்து கொத்திக்கொண்டு போயிற்று. நோட்டில் இன்னொரு கோடு போட்டு, 'எங்கள் வீட்டில்' என்று மூன்றாவது பத்தி ஒன்று அவளாகவே ஆரம்பித்தாள். டீச்சர் அதைப் பார்த்துவிட்டு வகுப்பில் படிக்கச் சொன்னாராம். அதன் பிறகு மற்ற பிள்ளைகளும் தத்தம் வீட்டில் கேட்டு எழுதினார்களாம்.

சான் ஹோஸேயில் ரோஸிக்ரூஷியன் எகிப்திய மியூசியம் இருக்கிறது. பள்ளிக்கூடத்திலிருந்து அழைத்துப் போனபோது துணைக்கு நானும் போனேன். கல்லறை மாதிரியே கட்டிய ஒரு இடத்துக்குள் நடந்து போய்ப் பார்க்கலாம். சுமார் 2,000 வருஷத்துக்கு முந்திய, நாலைந்து வயதுப் பெண் குழந்தையின் மம்மி ஒன்று அந்த மியூசியத்துக்குச் சொந்தம். துணிக்கட்டைப் பிரிக்காமலே 2005ல் ஸ்டான்ஃபோர்டில் ஸ்கேன் எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். 'ஷெரித்', அதாவது 'சின்னவள்' என்று அதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். "இவ அம்மா எவ்வளவு அழுதிருப்பா" என்று என் காதில் மெதுவாகச் சொன்னாள் என் பெண்.

கதையின் மர்மத்துக்கு வருவோம். அந்தக் கடைக்காரர்தான் கொலைகாரர் என்று ஊர் சந்தேகப்பட்டபோது, டீச்சர் போர்டில் அந்த எகிப்தியத் தராசைப் போட்டாராம். ஒரு தட்டில் 'பார்த்தது', இன்னொன்றில் 'பிறர் சொன்னது'. கிழவரின் சிடுமூஞ்சியும் தனிமையும் எந்தத் தட்டிலும் சாட்சியாக ஏறாது என்று குழந்தைகளே கண்டுபிடித்தார்கள். வீட்டில் நான் அதோடு வேறொன்றும் பேசினேன். சிரித்த முகமாக இருப்பதாலேயே ஒருவரை நம்பிவிடக் கூடாது, மறந்து வைத்த பொருளை எடுக்க ராத்திரியில் தனியாகப் போகக் கூடாது, யாராவது கையைப் பிடித்தால் வெட்கப்படாமல் கத்த வேண்டும் என்றேன். இதையே சும்மா உட்கார வைத்துச் சொல்லியிருந்தால் "தெரியும்மா" என்று எழுந்து போயிருப்பாள். கதையில் ஏப்ரல் மாட்டிக்கொண்ட இடத்தைப் படித்த கையோடு சொன்னதால், நான் கேட்காமலே, "கத்துறப்ப என்னன்னு கத்தணும்?" என்று கேட்டாள்.

சகோதரிகளே, இதற்கு எகிப்தும் அமெரிக்காவும் வேண்டும் என்பதில்லை. உங்கள் குழந்தை படிக்கும் சரித்திரப் பாடத்தை ஒட்டி ஒரு நல்ல கதைப் புத்தகம் தேடிக் கொடுங்கள். பயப்படுகிற விஷயம் அதில் இருந்தால் முதலில் நீங்கள் படியுங்கள். பிறகு பக்கத்தில் உட்கார்ந்து சேர்ந்து படியுங்கள். கதையில் வந்தது, நிஜத்தில் நடந்தது, நம் வீட்டில் செய்வது என்று மூன்று பத்தி போட்டு ஒரு நோட்டுக் கொடுங்கள். குழந்தை நடுவில் நிறுத்தி எதையாவது கேட்டால், அடுப்பில் குழம்பு கொதித்தாலும் இறக்கி வைத்துவிட்டுப் பதில் சொல்லுங்கள்.

ஆப்பிள் பரீட்சையைச் செய்து பார்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: துண்டு முழுக்க மூடுகிற அளவு உப்பும் சோடாவும் போட்டு, ஈரம் படாத இடத்தில் வையுங்கள். மேலே 'சாப்பிடக் கூடாது' என்று சீட்டு ஒட்டிவிடுங்கள். எங்கள் வீட்டில் ஒட்டாமல் வைத்திருந்த கிண்ணத்தை அவளுடைய அப்பா உப்பு என்று நினைத்து மோரில் போடப் போய்விட்டார்!